டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தில் இருப்பேன். எடின்பரோ தெருவிழாவுக்கு டிக்கெட் எடுக்கலாமா? ஹாக்மனே என்கிற அந்த ஊர்ப் புத்தாண்டு இரவுக் கொண்டாட்டத்தில் வேறு என்னதான் இருக்கிறது?

கேள்வியைப் பார்த்தால் இங்கிலாந்தில் எங்கோ படிக்கிற பிள்ளை மாதிரி தெரிகிறது. நாலைந்து பேராகக் கிளம்புகிறீர்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அரித்துக்கொண்டிருக்கிறார். சரிதானே? எடுங்கள், நான் தடுக்கவில்லை. கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தெருவிழா நடக்கிற பிரின்சஸ் ஸ்ட்ரீட் திறந்தவெளி, காற்று சொல் பேச்சு கேட்காது. 2003, 2006, அப்புறம் 2024 என்று அந்த ராத்திரியை வானிலையால் ரத்து செய்திருக்கிறார்கள். அந்த ஒரு டிக்கெட்டை மட்டும் நம்பி வராதீர்கள்.

அந்தத் தெருவிழாவே 1993இல் ஆரம்பித்ததுதான். ஹாக்மனே அதைவிட ரொம்பப் பழையது, அது வாசல்படி சமாச்சாரம். இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு: என் தலைமுடி.

நான் ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் நகரத்தில் இருக்கிறேன். வந்த முதல் வருடம், டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரை மணி. கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பாட்டி, அப்போது 78 வயது, நிற்கிறார். டிவி சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதென்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாயைத் திறப்பதற்குள் மன்னிப்பு கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு உனக்கு வேலை ஏதும் இருக்கா?" என்றார்.

விஷயம் இதுதான். நள்ளிரவு மணி அடித்த பிறகு வீட்டுக்குள் முதலில் அடியெடுத்து வைப்பவர் யாரோ, அந்த வருடத்து ராசி அவர் கையில். இதை 'ஃபர்ஸ்ட் ஃபுட்', அதாவது முதல் காலடி, என்பார்கள். நம் ஊரில் மருமகள் வந்த நேரம், பிள்ளை பிறந்த நேரம் என்று பேசுவோமே, அதே கால்ராசிக் கணக்குதான். ஆனால் இங்கே தேர்வு விதிகள் உண்டு. ஆணாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும், முடி கறுப்பாக இருக்க வேண்டும். பொன்னிற முடிக்காரன் வந்தால் அவ்வளவு நல்லதில்லை, செம்பட்டை என்றால் இன்னும் மோசம். வைக்கிங்குகள் கப்பலில் வந்து கொள்ளையடித்த காலத்து பயம் அது என்று இங்கே காரணம் சொல்வார்கள். நான் ஐந்தடி நாலங்குலம். உயரத்தில் ஃபெயில். "முடி போதும்" என்று பாட்டி பாஸ் போட்டுவிட்டார்.

வெறுங்கையோடு வரக்கூடாது. கரித்துண்டு, உப்பு, ஷார்ட்பிரெட், கறுப்பு பன் என்ற கெட்டியான பழ கேக், விஸ்கி, இதில் ஏதாவது கையில் இருக்க வேண்டும். என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்து பாட்டியே தினசரித் தாளில் பொட்டலம் கட்டிய ஒரு கரித்துண்டைக் கையில் திணித்து, தெருக்கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் நின்றிருப்பேன். நடைபாதையில் உறைபனி, காலில் வீட்டுச் செருப்பு. உள்ளே பரபரவென்று பெருக்குகிற சத்தம். பழைய வருடத்துக் குப்பையும் அடுப்புச் சாம்பலும் பன்னிரண்டுக்கு முன்னால் வெளியே போயாக வேண்டும், கடன் இருந்தால் தீர்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். போகிக்கு முதல் நாள் அம்மா பரணைக் காலி செய்யும் சத்தம் அப்படியே காதில் கேட்டது.

எங்கோ வேட்டு வெடித்தது. கதவைத் தட்டினேன். "யாரது?" என்கிறார், தெரியாத மாதிரி! உள்ளே போனதும் கரியை என் கையாலேயே அடுப்பில் போடச் சொன்னார். "லாங் மே யர் லம் ரீக்" என்று சொல்லிக்கொடுத்தார். உன் வீட்டுப் புகைபோக்கி நெடுங்காலம் புகையட்டும் என்று அர்த்தம். அடுப்பு அணையாத வீடு நல்ல வீடு, அவ்வளவுதான். பிறகு ஒரு சின்ன கிளாஸில் விஸ்கி. குடிக்க மாட்டேன் என்றேன். உதட்டிலாவது வை என்றார். வைத்தேன். (இதை எங்கள் வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து, "கீழ்வீட்டுக்குக் கரி கொண்டுபோனேன்" என்றேன். "புது வருஷமும் அதுவுமா கறியா?" என்றார். கறி இல்லை, அடுப்புக்கரி என்று விளக்கியதும் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். "உன் நிறத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், இதில் என்ன பெருமை?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பார்த்தது முடியைத்தான். எனக்கு முன்னால் பல வருடம் அந்த வேலையைச் செய்தவர் கறுப்பு முடி உள்ள உள்ளூர் தபால்காரர், அவர் ஊர் மாறிப் போனதால் எனக்குப் பதவி வந்தது. "மூடநம்பிக்கையை வளர்க்கிறாய்" என்று இன்னொருவர் வருவார். பாட்டியும் நம்புவதில்லை, ஆனால் விடவும் மாட்டார். ஒரு வருடம் நான் ஊரில் இல்லாதபோது பொன்முடி மருமகன் முதலில் நுழைந்துவிட்டார். மார்ச்சில் பாய்லர் போனதற்கு இன்றுவரை அவர்தான் காரணம்.

சரி, கிறிஸ்துமஸை விட்டுவிட்டு புத்தாண்டுக்கு ஏன் இத்தனை தடபுடல்? கத்தோலிக்கத்தை விட்டு விலகிய மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்குள்ள திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்காது, அது கத்தோலிக்க ஆடம்பரம் என்று ஒதுக்கியது. 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே சட்டம் போட்டு நீக்கியது. பிறகு சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. டிசம்பர் 25 இங்கே பொது விடுமுறை ஆனது 1958இல்தான். ரயில்வேயில் இருந்த தன் அப்பா கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போவார் என்று பாட்டி சொல்வார். குளிர்காலத்துக் கொண்டாட்டம் மொத்தமும் இந்த ஒரு ராத்திரியில் வந்து குவிந்தது அப்படித்தான். ஜனவரி 2ஆம் தேதியும் இங்கே விடுமுறை, இங்கிலாந்தில் கிடையாது.

இங்கிலாந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆன்லைன் கடைகளில் "பிரிட்டன் முழுவதும் இலவச டெலிவரி" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். ஐவி என்று தொடங்கும் எங்கள் பின்கோடைப் போட்டதும் ஹைலாண்டு என்கிற இந்த வட மலைப்பகுதிக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று வந்து நிற்கும். போன மாதம் குக்கர் காஸ்கெட் 6 பவுண்டு, அனுப்பும் செலவு 15 பவுண்டு. இன்வர்னெஸ் என்ன தீவா? லாரி வருகிற நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது. கேட்டால் "தொலைதூரப் பகுதி" என்று ஒரே வரியில் பதில்.

விடுங்கள். வீட்டு வாசல் கிடைக்காது, ஊர்த் திருவிழாதான் வேண்டும் என்றால் அபர்டீனுக்குத் தெற்கே ஸ்டோன்ஹேவன் போங்கள். நள்ளிரவு மணி அடித்ததும் கம்பிக்கூண்டுக்குள் எரியும் தீப்பந்துகளைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஊர்க்காரர்கள் தெருவில் நடப்பார்கள், கடைசியில் அவற்றைத் துறைமுகத் தண்ணீரில் வீசுவார்கள். நைலான் மாதிரி செயற்கை இழை ஜாக்கெட் போட்டு அருகில் நிற்காதீர்கள், பொறி பறக்கும். ஜனவரி 11 வரை இருக்க முடிந்தால் பர்க்ஹெட் என்ற மீனவ ஊரில் 'கிளேவி' பாருங்கள். தார் ஊற்றிய பீப்பாயைக் கொளுத்தித் தோளில் சுமந்து ஊரைச் சுற்றுவார்கள். 1752இல் காலண்டர் மாறி 11 நாள் காணாமல் போனது, அந்த ஊர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை, பழைய கணக்குப்படி ஜனவரி 11தான் அவர்களுக்குப் புத்தாண்டு இரவு. எரிந்த துண்டு கிடைத்தால் வீட்டுக்கு நல்லதாம்.

நள்ளிரவில் எல்லோரும் சேர்ந்து பாடும் 'ஆல்ட் லாங் சைன்' பாட்டில் முதல் வரியிலேயே கைகளைக் குறுக்கே கோத்துக்கொண்டு நிற்காதீர்கள். அது கடைசிப் பத்தியில்தான். எடின்பரோவில் இதை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களைக் கண்டுபிடிப்பார்கள். ஜனவரி 1 அன்று ரயில் மிகக் குறைவு, கடைகள் பாதி மூடியிருக்கும், பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் இன்வர்னெஸில் சூரியன் போய்விடும். பிரெட்டும் பாலும் முதல் நாளே வாங்கி வையுங்கள்.

இப்போது நான் மூன்று வீட்டுக்கு ஃபர்ஸ்ட் ஃபுட். நரை எட்டிப் பார்க்கிறது, அதனால் டிசம்பர் 30 அன்று டை அடித்துவிடுகிறேன், பாட்டிக்குத் தெரியாது. கரியைத் துண்டாக விற்க மாட்டார்கள், பெட்ரோல் பங்கில் 20 கிலோ மூட்டை. வருடத்துக்கு மூன்று துண்டு போக மீதி அப்படியே ஷெட்டில் கிடக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் கேளுங்கள், தருகிறேன்.