ஜப்பானில் வெளிநாட்டவரும் அகதிகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பதினோரு வருடமாக டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் குடியிருக்கிறேன். இந்த விஷயத்தில் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஜப்பானியர்களுக்கு வெளிநாட்டுக்காரர்களையே பிடிக்காது என்கிறார்களே? (தேவி, மதுரை)

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. 2018-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், குடியேறிகளைக் குறைக்கச் சொன்னவர்கள் 13 சதவீதம்தான். 58 சதவீதம் பேர் இப்போதுபோலவே இருக்கட்டும் என்றார்கள். வெறுப்பை விடப் பழக்கமின்மைதான் அதிகம் என்பது என் எண்ணம். நான் குடிவந்த முதல் வாரம், பாட்டில் மூடியைக் கழற்றாமல் குப்பையில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா திட்டவில்லை. பையைத் திரும்ப எடுத்து வந்து, மூடி தனி, லேபிள் தனி என்று பிரித்துக் காட்டிவிட்டுப் போனார்.

ஆனால் காற்று மாறுகிறது. 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று முழங்கிய சன்செய்தோ கட்சிக்கு 14 இடங்கள் கிடைத்தன. அரசாங்கத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2024-ல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. அந்த வருடக் கடைசியில் இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரை வேலைக்கு வரவழைத்துக்கொண்டே 'இது குடியேற்றக் கொள்கை அல்ல' என்று வருடக்கணக்கில் சொல்லி வந்தார்கள். அப்புறம் மக்கள் மனதளவில் எப்படித் தயாராவார்கள்?

வாடகைக்கு வீடு கிடைக்குமா? (செந்தில், ஓசூர்)

கிடைக்கும், அலைய வேண்டும். நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தரகர் நம் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "வெளிநாட்டவர்தான், ஆனால் ஜப்பானிய மொழி பேசுவார்" என்பார். அந்த 'ஆனால்' காதில் விழும்போது வலிக்கும்.

அகதிகளைச் சேர்ப்பதே இல்லையாமே? (ரஃபீக், திருச்சி)

கதவு உண்டு, ரொம்பக் குறுகல். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களைக் குடியமர்த்திய நாடு இது. 1981-ல் அகதிகள் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆனால் தனியாக வந்து விண்ணப்பிப்பவர் பாடு வேறு. 2023-ல் விண்ணப்பித்தவர்கள் 13,823 பேர், அந்த ஆண்டு அகதி என்று ஏற்கப்பட்டவர்கள் 303 பேர். அதுதான் உச்சம். 2024-ல் 190 ஆகிவிட்டது. ஊரில் போர் நடக்கிறது என்பது போதாது. தன்னைக் குறிப்பாகத் தேடுகிறார்கள் என்று ஆதாரம் காட்ட வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் காகிதத்துக்கு எங்கே போவார்?

உக்ரைன்காரர்களை மட்டும் வரவேற்றார்களே? (கலா, கொழும்பு)

உண்மைதான். 2,500 பேருக்கும் மேல் வந்தார்கள், நகராட்சிகள் வீடு கொடுத்தன. ஆனால் அவர்களை 'நன்மின்', அதாவது அகதிகள் என்று அரசு அழைக்கவில்லை. 'ஹினான்மின்', இடம்பெயர்ந்து தங்க வந்தவர்கள் என்றது. போரிலிருந்து தப்பி வருபவர்களுக்கான 'துணைப் பாதுகாப்பு', அதாவது அகதி என்று ஏற்காமலே தங்கவிடும் ஏற்பாடு, 2023 டிசம்பரில்தான் வந்தது.

உங்கள் நாட்டு விஷ்மா சந்தமாலியையும் இங்கே சொல்ல வேண்டும். வயது 33. 2021 மார்ச்சில் நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில், உடல் மெலிந்து, உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அப்போது ஜப்பானியர்களே நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்து போராடினார்கள். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் திருப்பி அனுப்ப வழிசெய்யும் மசோதாவை அரசு திரும்பப் பெற்றது. 2023-ல் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள். மூன்றாவது முறையோ அதற்கு மேலோ விண்ணப்பிப்பவரை இப்போது நாடு கடத்தலாம்.

கவகுச்சியில் குர்துகளோடு என்ன பிரச்சினை? (அருண், சென்னை)

எங்கள் பக்கத்து ஊர்தான். துருக்கியில் சிறுபான்மை இனமான குர்துகள், அங்கிருந்து வந்தவர்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பலருக்குப் பழைய கட்டடங்களை இடிக்கும் வேலை. பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023-லிருந்து இணையத்தில் வசை, தெருவில் எதிர்ப்பு ஊர்வலம். இரவுச் சத்தம், வண்டி ஓட்டும் விதம் பற்றி அக்கம்பக்கத்தார் சொல்லும் குறைகளில் நியாயமானவை உண்டு. அதைத் தீர்க்க ஊர்க்கூட்டம் போதும். ஊர்வலம் வருகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு மொழி வகுப்புக்கு உதவப் போவேன். எழுபதைத் தாண்டிய ஜப்பானியப் பாட்டி ஒருவர், பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையை ஒரு குர்து தாய்க்கு விரல் வைத்துப் படித்துக் காட்டுவார். "நாளைக்கு நீச்சல், துண்டு கொடுத்தனுப்புங்கள்."