வார இறுதியில் நண்பர்களுக்கு வீட்டில் சமைக்கிறேன். எந்த உணவுக்கு எந்த ஒயின் வைப்பது?

முதலில் காரத்தைப் பாருங்கள். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். காரமான உணவோடு 14 சதவீத ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயின் குடித்தால் நாக்கு எரிவதுதான் மிச்சம். லேசாக இனிக்கும், 8 முதல் 10 சதவீத ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் அங்கே அருமையாகப் பொருந்தும்.

வறுத்த ஆட்டிறைச்சிக்கு காபர்னே சோவின்யோன் என்ற துவர்ப்பான சிவப்பு ஒயின். கொழுப்பும் உப்பும் அதன் துவர்ப்பை அடக்கிவிடும். அதையே மீனோடு குடித்தால் வாயில் இரும்பு வாடை தட்டும். மீனுக்குப் புளிப்பான வெள்ளை ஒயினான சோவின்யோன் பிளாங்க் எடுங்கள். கடைசியில் வரும் இனிப்பு, ஒயினைவிட அதிகமாக இனிக்கக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது ஒயினைப் பரிமாறும் சூட்டில்தான். சிவப்பு ஒயினையும் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, 16–18 டிகிரியில் ஊற்றுங்கள். 750 மில்லி பாட்டிலில் 5 கிளாஸ் வரும். வெள்ளிக்கிழமை மிஞ்சியதைக் கார்க்கால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஞாயிறுவரை தாங்கும்.