மடியில வச்சிட்டுப் போற வயசு

கேள்வி: அக்கா, நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். பையனுக்கு 20 மாசம். முதல் தடவையா திருச்சிக்குப் போறோம், என்னென்ன ரெடி பண்ணணும்னு தலையே சுத்துது.

பதில்: முதல்ல பாஸ்போர்ட்டைப் பாரும்மா, அத எடுக்க இமிகிரேஷன் ஆபீசுக்கு அவனையும் தூக்கிட்டுப் போகணும், 12 வயசு வரைக்கும் கட்டணம் 100 வெள்ளிதான் (ரிங்கிட்), விசாவும் அவனுக்குன்னு தனியா எடுக்கணும். 2 வயசு முடியறதுக்குள்ளன்னா ப்ளேன்ல மடியிலயே வச்சிக்கலாம், ஆனா திரும்பி வர்றதுக்குள்ள பிறந்தநாள் வந்துச்சுன்னா சீட் வாங்கச் சொல்வாங்க, தேதிய எண்ணிப் பாத்து டிக்கெட் போடு.

இறங்கும்போதுதான் காது அடைச்சு கத்துவாங்க, அப்போ பால் போத்தலை வாயில வச்சிடு, சப்பி முழுங்குனா காது விட்டுடும். என் மக தூங்குறாளேன்னு நான் விட்டுட்டேன், முழிச்சு அவ போட்ட சத்தத்துல முன் சீட்டு தாத்தா பாவம்னு எனக்கு இஞ்சி மிட்டாய் நீட்டினாரு!

பெரிய தொல்லை நேரம்தான். இங்க காலைல 7 மணின்னா அங்க 4:30, வீடே இருட்டுல தூங்கும், இவன் மட்டும் எழுந்து உக்காந்து விளையாடக் கூப்பிடுவான், தலைமாட்டுல பிஸ்கட்டும் ஒரு பொம்மைக் காரும் வச்சிக்கோ. பெம்பர்ஸ் டயப்பர் அங்கயும் கிடைக்கும், மூட்டை மூட்டையா கட்டாதே. தண்ணிய மட்டும் கொதிக்க வச்சுக் குடு.