கான் காசு

கேள்வி: ஐயா, கனடாவின் மிசிசாகாவில் இருக்கும் என் தம்பியின் தண்ணீர் பில்லில் மழைநீருக்கென்று தனியாக ஒரு கட்டணம் வருகிறதாம். குழாய்த் தண்ணீருக்குக் காசு சரி, வானத்திலிருந்து விழுவதற்குமா என்று சிரித்தோம். இப்போது எங்கள் நகர சபையிலும் ஒருவர் அப்படியொரு கட்டணம் வேண்டும் என்று பேசியிருக்கிறார். வீட்டுக்குச் சபையில் சோலைவரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? இது நியாயமா?
- ஒரு வாசகி, நுவரெலியா மாவட்டம்

பதில்: தம்பி சொன்னது உண்மைதான் அம்மா. மிசிசாகா நகரம் 2016 ஜனவரியிலிருந்து அதை வசூலிக்கிறது. காசு மழைக்கு இல்லை. உங்கள் கூரையில் விழுந்த மழை ஓடிப்போக நகரம் கட்டிக் காக்கும் வடிகாலுக்கு, நம் பேச்சில் கானுக்கு. 2013 ஜூலை 8 ஆம் திகதி அங்குள்ள விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. வீதியும் வீட்டு நிலக்கீழ் அறைகளும் நிரம்பின. பிறகுதான் வீடுகளின் கூரைப் பரப்பை அளந்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வருடம் மிகச் சிறிய வகுப்புக்கு 50 டொலர், மிகப் பெரியதற்கு 170 டொலர்.

எனக்குப் பிடித்தது கூரையை அளந்ததுதான். நம் சோலைவரி, வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற பெறுமதியைப் பார்க்கிறது. முற்றம் முழுக்கப் புல்லும் கொய்யா மரமுமாக வைத்திருக்கும் பழைய பங்களாவுக்கு வரி அதிகம். லொறி நிறுத்துவதற்கென்று அரை ஏக்கரைக் கொங்கிரீட் போட்டு மூடியவருக்குக் குறைவாகவே வரலாம். ஆனால் மழை வந்தால் பஜாரில் முழங்கால் தண்ணீர் ஏறுவதற்கு யார் காரணம்? ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஏறக்குறைய 9,300 லீற்றர், அதாவது மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியில் ஒன்பது. உங்கள் வீதியில் எத்தனை கூரை என்று எண்ணிப் பாருங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் நகர சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவேன். மலைக்குக் குறுக்கே, நூற்றிருபது அடி ஓடினால் ஓரடி இறங்குகிற சாய்வில் கான் போகும். உள்ளே இடையிடையே மண்ணை வெட்டாமல் சின்னத் தடுப்பாக விட்டுவிடுவார்கள். தண்ணீர் அதில் முட்டி நின்று, சேற்றை இறக்கிவிட்டு, வழிந்து அடுத்த தடுப்புக்குப் போகும். படிந்த மண்ணை அள்ளித் தேயிலை அடியில் போடுவார்கள். சாய்வு பிசகினால் கங்காணி அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார். இன்றைக்கு எத்தனை தோட்டத்தில் இந்தக் கானைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள்? கொழுந்து பறிக்கவே ஆளில்லை என்கிறபோது கானுக்கு யார் ஆள் கொடுப்பார்கள்?

இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், மிசிசாகா ஏறக்குறையச் சமதரை. நம் ஊர் படிக்கட்டு. மேலே தோட்டம், நடுவில் பிரதான வீதி, கீழே பஜார். தோட்டக் கான் கம்பனியின் பொறுப்பு, ஏ தர, பீ தர வீதிகளின் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, சந்துக் கான் சபையின் பொறுப்பு. தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. கீழே ஒரு சில்லறைக்கடைக்காரர் மட்டும் கூரை அளவுக்குக் காசு கட்டி, மேலே முந்நூறு ஏக்கர் ஒரு சதமும் கட்டாமல் சேற்றை இறக்கிக்கொண்டிருந்தால் அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் இருப்பவரிடம் இந்தக் கட்டணத்தைக் கேட்கலாமா என்றால், கூடாது. காணி உறுதி இல்லாதவர் எப்படி ஆதன உரிமையாளர் ஆவார்? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சேவை செய்யவே தடையாக இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அத்தனை வருடம் கான் கொடுக்காதவர்களுக்கு முதலில் கானைக் கொடுக்கட்டும், பில்லைப் பிறகு பார்க்கலாம்.

ஆகவே, கட்டணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பார்த்தோமே. சும்மா இருந்தால் அதற்கும் விலை உண்டு. ஆனால் கூரையையும் கொங்கிரீட் முற்றத்தையும் அளந்து போடட்டும், தோட்டக் கம்பனியையும் ஹோட்டலையும் சேர்க்கட்டும், காசைத் தனிக் கணக்கில் வைத்துக் கானுக்கு மட்டும் செலவழிக்கட்டும். சட்டத்தில் இடமில்லாமல் சபை தன்பாட்டில் புதுக் கட்டணம் போடவும் முடியாது. அதற்கிடையில் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், போன வருடம் கானுக்கு எவ்வளவு செலவானது, எத்தனை தொழிலாளர், எந்த எந்த வீதி என்று சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். தருகிறார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பதிலைப் பார்த்த பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கினால் கட்டணத்தில் கழிவு தருகிறார்களாம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஊறுகுழி வெட்டலாமா? வீடு மண் வெட்டிய சரிவின் விளிம்பில் இருக்கிறது.
- வாசகர், பதுளை மாவட்டம்

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். ஜேர்மனியில் நிலத்துக்குள் இறக்குவது நல்ல பழக்கம். அங்கே கூரையும் கல் பாவிய முற்றமும் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பல நகரங்களில் கட்டணம். ஆனால் வெட்டிய சரிவின் உச்சியில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுவது மண்ணின் பாரத்தைக் கூட்டிப் பிடியைத் தளர்த்துவது. கூரைக்குப் பீலி போட்டு, குழாய் வழியாகச் சீமெந்துக் கானில் இறக்கி, சரிவுக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள். தாங்கி வைத்தால் வீட்டுத் தேவைக்கு நல்லது, ஆனால் அடைமழை நாளில் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். தரையில் வெடிப்போ, கதவு இறுக்கமோ தெரிந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: கடைக்கு முன்னால் கானை மூடிப் பலகை போட்டிருக்கிறேன், முச்சக்கர வண்டி நிறுத்த. கட்டணம் வந்தால் எனக்கும் வருமா?
- பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் பெயர் எழுதாததிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒருமுறை நாங்கள் அப்படியொரு பலகையைக் கிளப்பியபோது அடியில் அரை லொறி பொலித்தீனும் ஒரு பஞ்சு மெத்தையும் இருந்தன. மெத்தை யாருடையது என்று கேட்டோம். பஜார் முழுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பலகையை எடுத்து உள்ளே பாருங்கள்.