கோல்ஃபில் 18 ஹேண்டிகேப் (திறனுக்கேற்ப ஆட்டக்காரருக்குத் தரப்படும் சலுகை எண்) உள்ள அமெச்சூர், தனியார் கிளப்பில் விருந்தினராக ஆடினால் எத்தனை அடிகள் சலுகை பெறுவார்?

பெரும்பாலும் 18 அல்ல. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், தேர்ந்த ஆட்டக்காரரைவிடச் சராசரி ஆட்டக்காரருக்கு ஒரு மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சோதனை தரும் என்பதைக் காட்டும் ஸ்லோப் மதிப்பு 55 முதல் 155 வரை அமையும். 113 என்பது பொது அளவு. அந்தக் கிளப்பில் அவர் ஆடும் டீயின் (முதல் அடியை அடிக்கும் இடத்தின்) ஸ்லோப் 140 எனில், 18-ஐ 140-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால், கோர்ஸ் ரேட்டிங்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுப்பார் என மதிப்பிட்ட அடிகள்) பாரும் (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள்) சமமாக உள்ள நிலையில், 22 அடிகள் கிடைக்கும்.

அழைத்த உறுப்பினர் தொலைவான பின் டீக்கு இழுத்தாலும் குழிக்கு அருகான முன் டீயையே தேர்ந்தெடுப்பது நல்லது. வேகமான கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைகளில்), சரிவில் கீழ்நோக்கி மெல்லத் தட்டிய பந்துகூடக் குழியைத் தாண்டி உருண்டோடும். கூடுதலாகக் கிடைத்த நான்கு அடிகளும் புட்டிங்கிலேயே (கிரீனில் பந்தைக் குழிக்குத் தட்டுவதிலேயே) கரைந்துவிடக்கூடும்.