ஓப்பன் அக்சஸ் எண்டா என்ன? கம்பஸ் பிள்ளையளுக்கு அதால என்ன பிரயோசனம்?

ஓப்பன் அக்சஸ் எண்டா ஆராய்ச்சிக் கட்டுரை, பாடப்புத்தகம் மாதிரியான சாமான்களை யாரும் காசு குடுக்காம நெட்டில வாசிக்கலாம், டவுன்லோட் பண்ணலாம், அவ்வளவுதான். 2002ல, ஆராய்ச்சி எல்லாருக்கும் இலவசமாக் கிடைக்கோணும் எண்டு சொன்ன புடாபெஸ்ட் அறிக்கை வந்தாப்பிறகுதான் இந்தப் பேர் நல்லாப் பரவினது.

ஏன் இது தேவைப்பட்டுது எண்டா, கட்டுரை எழுதுறவருக்கு ஜேர்னல் (கட்டுரையை வெளியிடுற ஆராய்ச்சிச் சஞ்சிகை) வழக்கமா காசு குடுக்கிறேல்ல, அதைச் சரிபாக்கிற ஆக்களும் பெரும்பாலும் சும்மாதான் பாத்துக் குடுக்கினம், ஆராய்ச்சிச் செலவும் அனேகமா அரசாங்கக் காசு, ஆனா கடைசில வாசிக்கப் போனா ஒரு கட்டுரைக்கே 30, 40 டொலர் கேக்கும், திருகோணமலை கோணேசபுரி கம்பஸில ப்ரொஜெக்ட் செய்யிற பிள்ளை அதுக்கு எங்க போறது? நிலாவெளில கரைவலை இழுத்தவனுக்கே, அவன் பிடிச்ச மீனைப் பெட்டில அடுக்கினவன் விலைக்கு விக்கிற கதைதான்.

இப்ப பரவாயில்ல. பௌதிகம், கணிதம் எண்டா கட்டுரைகளை இலவசமா வாசிக்கிற ஆர்க்கைவ் (arXiv) தளம் 1991ல இருந்து இருக்கு, ஈழத்துப் பழைய புத்தகம், பத்திரிகை தேடினா நூலகம் (noolaham.org) எண்ட தளத்தில கிடைக்கும். ஆனா சில ஜேர்னல் வாசிக்கிறவரை விட்டுட்டு எழுதுறவரிட்டயே ஆயிரக்கணக்கில டொலர் வாங்குது, எனக்கு இதுதான் பிடிக்காத பக்கம்.

மற்றது, சும்மா கிடைச்சா பேர் போடாம அப்படியே அசைன்மென்ட்டில கொப்பி அடிக்கலாம் எண்டு கனபேர் நினைக்கினம், அது பிழை, வாசிக்கத்தான் இலவசம், எழுதினவரின்ட பேரைக் கட்டாயம் போடோணும்.