புழு ஷெட்டில் என்ன செபம்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபாதர், நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். ராத்திரி கடைசித் தழை போட்டுவிட்டு வந்து செபமாலையை எடுத்தால், ஐந்து பத்தில் மூன்றாவது பத்து மணிகளைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். என் நாத்தனார் செபக்கூட்டத்துக்குப் போகிறவர். கையை உயர்த்தி, கண்ணீரோடு அரை மணி நேரம் விடாமல் செபிப்பார். "உனக்கு வாயே வராது" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். எனக்குச் செபிக்கும் வரமே இல்லையா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நாத்தனாரை முதலில் விட்டுவிடுவோம் அம்மா. அவருக்கு அப்படி வருகிறது, வரட்டும். ஆனால் அடுத்தவர் செபத்துக்கு மார்க் போடும் வேலை யாருக்கும் வேண்டாம். சீலோவில் பிள்ளை வரம் கேட்டு அழுத அன்னாவுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏலி ஒரு குரு. அவரே, "எவ்வளவு நேரம் குடிபோதையில் இருப்பாய்?" என்று கேட்டுவிட்டார். சாமுவேல் முதல் நூலில் முதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். என்னைப் போன்ற சாமியார்களும் அவ்வப்போது எடுத்துப் படிக்க வேண்டிய பகுதி அது.

தூக்கத்துக்கு வருகிறேன். பிரான்சில் லிசியே கன்னியர் மடத்தில் இருந்த புனித குழந்தை தெரசாவும் தியான நேரத்தில் தூங்கி விழுந்தவர்தான். பிள்ளைகள் தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று எழுதி வைத்திருக்கிறார். தனியாகச் செபமாலை சொல்வது தனக்குப் பெரும்பாடாக இருப்பதையும் மறைக்கவில்லை. 24 வயதில் இறந்த அந்தப் பெண்ணுக்குத்தான் 1997-இல் திருச்சபை மறைவல்லுநர், அதாவது எல்லாருக்கும் விசுவாசம் கற்றுத்தரும் ஆசான், என்ற பட்டம் கொடுத்தது. நம் தர்மபுரி மறைமாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். மடத்தில், மணி அடித்துச் செபிக்கிற இடத்தில், அவருக்கே தூக்கம் வந்தது. தழை வெட்டித் தூக்கிச் சுமந்த உங்களுக்கு வராமல் இருக்குமா?

உங்கள் சிக்கல் வரம் இல்லாதது இல்லை, நேரம்தான். உடம்பு ஓய்ந்துபோன நேரத்தைத்தான் செபத்துக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். புழு வேலை எல்லா நாளும் ஒன்றுபோல இருக்காது என்பது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பங்குக் கோயிலைச் சேர்ந்த பாதி வீடுகளில் புழுதான். தோலுரிக்கிற சமயத்தில் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், அப்போது தழை போடக்கூடாது. அந்த ஒரு நாள் உங்கள் கையில் கொஞ்சம் நேரம் இருக்கும். முழுச் செபமாலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில், உட்கார்ந்து, நிதானமாக.

நாலாவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவம் வந்துவிட்டால் ஒரு வாரம் மூச்சுவிட முடியாது. ஷெட்டுக்குள் நுழைந்தாலே புழு தழை தின்கிற சத்தம் மழை பெய்வது போலக் கேட்கும். அந்த வாரத்தில் ஐந்து பத்தும் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களை நீங்களே வதைக்காதீர்கள். ஒவ்வொரு முறை தழை பரப்பும்போதும் ஒரு பத்து. செபமாலை கூட வேண்டாம், கையில்தான் தழை இருக்கிறதே. பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்குகிற பரிபூரணப் பலன் பெறுவதற்கு ஐந்து பத்தையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும் என்று விதி உண்டு, அது தனிக் கணக்கு. மற்றபடி பிரித்துச் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. அதுவும் முடியவில்லையா? "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்." வரிதண்டுபவர் சொன்னது அவ்வளவுதான். லூக்கா 18-இல் இருக்கிறது.

அப்புறம், ஷெட்டுக்குள் மாதா படம் வைத்தால் வையுங்கள். சாம்பிராணி மட்டும் வேண்டாம். கொசுவத்திப் புகையே ஆகாத ஜீவன் அது!

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது செபிக்கப் பார்க்கிறேன். ஒரே பராக்கு. வண்டித் தவணை, தங்கை கல்யாணம், சூப்பர்வைசர் முகம் என்று மனசு எங்கெங்கோ ஓடுகிறது.
- ஓர் இளைஞர், சூளகிரி

பதில்: அந்த மூன்றையும்தான் தம்பி ஆண்டவரிடம் பேச வேண்டும். வேறு எதைப் பேசப் போகிறீர்கள்? தவணை நினைவுக்கு வந்தால் எத்தனை மாதம் பாக்கி என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் முகம் வந்தால், அவர் மேல் உள்ள கோபத்தையும் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். திருப்பாடல் 88-ஐ எடுத்துப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து கடைசிவரை புலம்பல், முடிவது இருட்டில். அதையும் விவிலியத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். நம் ஆட்கள் ஆண்டவரிடம் பேச ஆரம்பித்தாலே மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் அம்மாவிடம் பேசுகிற பேச்சு போதும். பேச ஒன்றும் இல்லாத நாளில் மனப்பாடச் செபம் கை கொடுக்கும், அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பஸ்ஸில் தூங்கிவிட்டால் மேலே பாலக்கோட்டு அம்மாவுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். ஸ்டாப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாங்காய்க்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று செபிக்கலாமா? சுயநலம் என்கிறார் மனைவி.
- ஒரு விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகச் செபியுங்கள். "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று தினமும் சொல்கிறோமே, தோத்தாபுரி மாங்காய் விலை அதில் அடங்காதா? கெத்சமனியில் இயேசுவும் தனக்கு வேண்டியதை முதலில் கேட்டார், அதன் பிறகுதான் "உம் விருப்பப்படியே" என்றார். கேட்கிற கையோடு பறிப்புக் கூலியையும் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள், அவர்களும் செபிக்கிறவர்கள்தான். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் விலை இறங்க வேண்டிக்கொண்டிருப்பார். இரண்டு மனுவையும் வைத்துக்கொண்டு ஆண்டவர் என்ன செய்வார் என்பது அவர் பாடு.